அவசரப்படுத்தாத காம்போ

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி, முழுதாக நிரம்பும் வரிசைகளைக் கரைக்கும் விளையாட்டு டெட்ரிஸ். பத்துக் கட்டம் அகலமுள்ள பலகை. அதில் ஒன்பது நெடுவரிசைகள் நான்கு அடுக்கு உயரத்துக்கு ஓட்டையில்லாமல் நிரம்பியிருக்கின்றன. வலது ஓரத்தில் ஒரு கட்ட அகலத்துக்கு ஒரு கிணறு மட்டும் பாக்கி. நேராக நிற்கும் நீளக் கட்டை வந்தால் நான்கு வரிசையும் ஒரே நேரத்தில் கரையும். ஆனால் வந்திருப்பதோ ‘எல்’ வடிவக் கட்டை. அதைக் கிணற்றில் இறக்கினால் அதன் கொக்கி பக்கத்து நெடுவரிசையின் தலையில் மாட்டிக்கொள்ளும். மேலே உள்ள இரண்டு வரிசைகள் கரையும், கீழே உள்ள இரண்டு வரிசைகளின் வாய் அடைபட்டுப் போகும். இறக்கலாமா, ஓரமாகப் போட்டுவிட்டு நீளக் கட்டைக்காகக் காத்திருக்கலாமா?

அந்த அரை நொடியில் ஆடுபவரின் மனத்தில் என்ன ஓடும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்கோர் பட்டியல். நின்டெண்டோ தன் என்இஎஸ் கருவிக்காக 1989-இல் வெளியிட்ட டெட்ரிஸில் ஒரு வரிசை கரைந்தால் 40 புள்ளி, இரண்டு சேர்ந்து கரைந்தால் 100, மூன்றுக்கு 300, நான்குக்கு 1200. இதை லெவல் எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கிக்கொள்ள வேண்டும். நான்கு வரிசைகளைத் தனித்தனியாகக் கரைத்தால் 160, ஒரே அடியில் கரைத்தால் 1200. அதாவது ஏழரை மடங்கு. 18-ஆம் லெவலில் இதே வித்தியாசம் ஒரு வரிசைக்கு 760, நான்கு வரிசைக்கு 22,800 என்று கண்ணில் அறைகிறது. இந்தப் பட்டியலைப் படித்த யாரும் அந்த ‘எல்’ கட்டையைக் கிணற்றில் போட மாட்டார்கள். பலகை மேலே ஏறிக்கொண்டே வந்தாலும், நெஞ்சு படபடத்தாலும், காத்திருப்பார்கள்.

ஒரே விளையாட்டு, அதே ஏழு வடிவங்கள், அதே பலகை. ஸ்கோர் கணக்கை மட்டும் மாற்றினால் அது போர்க்களமாகவும் மாறும், திண்ணையாகவும் மாறும். இளைப்பாறுவதற்காக ஆடும் விளையாட்டு என்று அடையாளம் போட்டுக்கொண்டு வருபவற்றில் பல, இசையையும் நிறத்தையும் மென்மையாக்கிவிட்டு, ஸ்கோர் கணக்கை மட்டும் போட்டி விளையாட்டிலிருந்து அப்படியே எடுத்து வைத்துக்கொள்கின்றன. பின்னணியில் மழைச் சத்தம் கேட்கும், ஆடுபவரின் தோள்களோ காதுவரை ஏறியிருக்கும். என் பார்வையில் இந்த வகை விளையாட்டுகளில் அதிகம் கவனிக்கப்படாத குறை இதுதான்.

என்இஎஸ் டெட்ரிஸின் ஏழரை மடங்குக்கு ஒரு நியாயம் இருந்தது. அந்த விளையாட்டில் 29-ஆம் லெவலை எட்டியதும் கட்டைகள் உச்சியிலிருந்து அடிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடியில் விழுந்துவிடும். கைகள் அதற்கு ஈடுகொடுக்க முடியாது என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 18-ஆம் லெவலில் தொடங்கினால் 230 வரிசைகள் கரைத்ததும் 29 வந்துவிடும். ஆக, ஆடுபவரின் கையில் இருக்கும் மொத்தச் செலவுப்பணம் 230 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் எவ்வளவு புள்ளி கறக்க முடியும் என்பதே திறமை. வரிசைகளுக்கு உச்சவரம்பு இருக்கும் இடத்தில் நான்கு வரிசைக்குப் பெரிய பரிசு தருவது ஆட்டத்தைக் கூர்மையாக்குகிறது. இளைப்பாறும் விளையாட்டில் அப்படி வரம்பே கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம். அங்கே இந்த மடங்கைக் கொண்டுவந்து வைத்தால், காரணம் போய்விட்டது, பதற்றம் மட்டும் மிஞ்சியது என்றுதான் ஆகும்.

பிற்கால டெட்ரிஸ்களுக்கு உரிமையாளர்கள் ஒரு பொது விதித்தொகுப்பை வகுத்தார்கள். அதில் கணக்கு சற்று இளகியது: 100, 300, 500, 800. நான்கு ஒற்றை வரிசைகளுக்கு 400, ஒரே அடியில் 800. ஏழரை மடங்கு இரண்டு மடங்காகிவிட்டது. ஆனால் இன்னொரு பக்கம் இரண்டு புதிய ஊக்கங்கள் சேர்ந்தன. நான்கு வரிசை அடியை அடுத்தடுத்து அடித்தால், நடுவில் சின்னக் கரைப்பு எதுவும் வராத வரை, ஒன்றரை மடங்கு கிடைக்கும். 800 என்பது 1200 ஆகும். மற்றொன்று காம்போ. ஒவ்வொரு கட்டையும் தரையிறங்கும்போது ஏதாவது ஒரு வரிசை கரைந்துகொண்டே இருந்தால், இரண்டாவது கரைப்பிலிருந்து 50, 100, 150 என்று கூடுதல் புள்ளி ஏறும். இவை எல்லாமே லெவல் எண்ணால் பெருகும்.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று தெரிகிறது. முதல் லெவலில், தொடர்ந்து நான்கு கட்டைகளால் நான்கு ஒற்றை வரிசைகளைக் கரைத்தால் 400-உடன் காம்போ 300 சேர்ந்து 700 வரும். ஒரே அடியின் 800-ஐ அது இன்னும் தொடவில்லை. ஐந்து என்றால் 1000, வரிசைக்கு 200. இப்போது நான்கு வரிசை அடிக்குச் சமம். ஒன்பதாவது கரைப்பில் வரிசைக்கு 300 ஆகி, ஒன்றரை மடங்கு வாங்கிய அடியையும் எட்டிப் பிடித்துவிடுகிறது. அதற்கு மேல் காம்போதான் ராஜா. ஆனால் ஒரு வரிசைக்குப் பத்துக் கட்டங்கள் வேண்டும், ஒரு கட்டையில் இருப்பது நான்கு. சராசரியாக இரண்டரைக் கட்டைக்கு ஒரு வரிசைதான் கரைய முடியும். கட்டைக்கு ஒரு வரிசை வீதம் ஒன்பது தடவை கரைக்க வேண்டுமென்றால், பலகையை அபாயமான உயரத்துக்கு முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்க வேண்டும். பெரிய பரிசு, பெரிய ஆபத்து, ஒரு கட்டை தவறினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். எதிராளியோடு மோதும் ஆட்டத்துக்கு அருமையான ஏற்பாடு. தூங்கப் போகும் முன் பத்து நிமிடம் ஆடுபவருக்கு இது எதற்கு?

இதே விதித்தொகுப்பில் கட்டையைச் சட்டென்று கீழே தள்ளினால் ஒரு கட்டத்துக்கு 2 புள்ளி. பதினைந்து கட்டம் தள்ளினால் 30. வரிசைக்கு இரண்டரைக் கட்டை என்று வைத்தால் 75. முதல் லெவலில் ஒரு வரிசையே 100-தான். அதாவது, யோசித்து வைப்பதற்குக் கிடைப்பதில் முக்கால் பங்கு வேகமாகத் தள்ளுவதற்கே கிடைத்துவிடுகிறது! இளைப்பாறும் விளையாட்டு செய்பவர் முதலில் நீக்க வேண்டியது இதைத்தான்.

காம்போ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கம்பைல் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த புயோ புயோவில் ஒரே நிறக் குமிழ்கள் நான்கு ஒட்டினால் மறையும். அவற்றின் மேல் இருந்தவை கீழே விழும். விழுந்த இடத்தில் மறுபடி நான்கு சேர்ந்தால் அதுவும் மறையும். இந்தச் சங்கிலியை ஜப்பானிய மொழியில் ரென்ஸா என்கிறார்கள். 1994-இல் வந்த இரண்டாம் பாகத்தின் கணக்கு இப்படி: மறைந்த குமிழ்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, அதைச் சங்கிலிக்கான ஊக்க எண்ணால் மறுபடி பெருக்க வேண்டும். அந்த எண் இரண்டாவது கண்ணிக்கு 8, மூன்றாவதுக்கு 16, பிறகு 32, 64. நான்கு நான்கு குமிழ்களாக ஐந்து கண்ணிச் சங்கிலி ஒன்று ஓடினால் 40, 320, 640, 1280, 2560, கூட்டினால் 4840. அதே இருபது குமிழ்களைத் தனித்தனியாக மறைத்திருந்தால் 200. எதிராளியின் பலகையில் 70 புள்ளிக்கு ஒன்று வீதம் குப்பைக் குமிழ் விழும். 4840-க்கு 69. பலகையில் கண்ணுக்குத் தெரியும் கட்டங்கள் ஆறுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 72.

இந்த எண்கள் தற்செயலாக அமைந்தவை என்று நான் நம்பவில்லை. ஐந்து கண்ணி ஓட்டினால் எதிராளியின் பலகை ஏறத்தாழ முழுதும் மூடிப்போகும் அளவுக்குக் குப்பை கிடைக்கிறது. ஐந்துக்குக் கீழே எல்லாம் அவருக்குத் தொந்தரவு, ஐந்தும் அதற்கு மேலும் மரண அடி. இருமடங்காக ஏறும் வரிசை இங்கே ஒரு எல்லைக்கோட்டை வரைகிறது. ஆனால் இருமடங்கு ஏற்றத்துக்கு ஒரு குணம் உண்டு: கடைசிக் கண்ணி ஒன்றே, அதற்கு முந்தைய எல்லாம் சேர்ந்ததைவிடப் பெரிது. 2560 எங்கே, மற்ற நான்கும் சேர்ந்த 2280 எங்கே. நான்கில் நின்றுபோன சங்கிலி, சாதித்த சங்கிலியாகத் தெரியாது, பாதியை இழந்த சங்கிலியாகவே தெரியும். ஆடுபவரின் மனத்தில் நிற்பது கிடைத்த 2280 அல்ல, கைநழுவிய 2560.

காம்போவைச் சமன்செய்வது என்றால் பரிசை எவ்வளவு உயர்த்தலாம் என்ற கேள்வி என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இளைப்பாறும் விளையாட்டில் கேட்க வேண்டியது வேறு: காம்போ அறுந்தால் ஆடுபவர் எவ்வளவு இழக்கிறார்? அந்த இழப்பு பெரிதாக இருக்கும்வரை, எந்த மழைச் சத்தமும் அவரை ஆசுவாசப்படுத்தாது.

இது எனக்குப் புரிந்தது ஒரு நண்பரின் கைபேசி விளையாட்டைச் சோதித்துக் கொடுத்தபோது. வேலை முடிந்து வந்து இரவுகளில் அவர் தனியாகச் செய்துகொண்டிருந்த விளையாட்டு அது. குளத்தில் மிதக்கும் விளக்குகள், மெதுவாக இறங்கும் கட்டைகள், பார்க்கவே அழகு. வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம். வரிசை கரைந்ததும் அது முழுதாக ஒளிரும், பிறகு கடிகாரமுள் சுற்றுவது போலத் தேயத் தொடங்கும். எட்டு நொடிக்குள் அடுத்த வரிசை கரையாவிட்டால் காம்போ பூஜ்யம். பத்து நிமிடம் ஆடியதில் குளத்தை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கண் முழுதும் அந்த வட்டத்திலேயே இருந்தது. வட்டம் கடைசிக் கால்பங்குக்கு வந்தபோதெல்லாம், இருக்கும் கட்டையை எங்காவது திணித்து ஒரு வரிசையை முடித்தேன். கீழே ஓட்டைகள் பெருகின. ஸ்கோர் நன்றாகத்தான் வந்தது. கைபேசியைக் கீழே வைத்தபோது தாடை இறுகியிருந்தது.

முதல் மாற்றம் எளிது: நொடிகளுக்குப் பதில் கட்டைகளை எண்ணுவது. வரிசை கரையாமல் எத்தனை கட்டைகள் போகின்றன என்பதுதான் கணக்கு, எவ்வளவு நேரம் என்பதல்ல. இடையில் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தாலும் காம்போ அப்படியே காத்திருக்கும். நேரத்தை அறவே தொடக்கூடாது என்று சொல்லவில்லை. தெட்சுயா மிசுகுச்சியின் என்ஹான்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட டெட்ரிஸ் எஃபெக்ட்டில் ‘ஸோன்’ என்று ஒரு வசதி உண்டு. அதில் கட்டை விழுவது நின்றுவிடும். கரைய வேண்டிய வரிசைகள் மறையாமல் அடியில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும், ஸோன் முடிந்ததும் மொத்தமாக மறையும். அதற்கும் நேர வரம்பு இருக்கிறது. ஆனால் அதை எப்போது தொடங்குவது என்பது ஆடுபவரின் விருப்பம். தானே ஏற்றிய அடுப்பு வேறு, பிறர் நம் காலடியில் ஏற்றிவைத்த அடுப்பு வேறு.

அடுத்ததுதான் கடினம், எண்களை எப்படி வைப்பது. சரியாக ஆடினால் அதிகபட்சம் எவ்வளவு வரும் என்று கணினியிலேயே கணக்குப் போட்டுவிடலாமே என்று நண்பர் கேட்டார். அந்த வழி அவ்வளவு எளிதல்ல. எரிக் டெமைன் உள்ளிட்ட மூன்று கணினி அறிவியலாளர்கள் 2002-இல் ஒன்றை நிறுவினார்கள்: வரப்போகும் கட்டைகள் அனைத்தும் முன்பே தெரிந்திருந்தாலும், நான்கு வரிசை அடிகளை அதிகபட்சம் எத்தனை முறை அடிக்கலாம் என்று கண்டுபிடிப்பது, பலகை பெரிதாகப் பெரிதாக, கணினிக்கும் மிகக் கடினமான சிக்கல்களின் வகையைச் சேர்ந்தது. ஆகவே ஒவ்வொரு ஆட்டப் பாணிக்கும் வரிசைக்கு எத்தனை புள்ளி கிடைக்கிறது என்று சராசரி போட்டுப் பார்ப்பதும், ஆட்களை ஆடவைத்துப் பார்ப்பதும்தான் கையில் இருக்கும் வழி.

நாங்கள் வைத்த கணக்கு: ஒரு வரிசை 100, இரண்டு 250, மூன்று 450, நான்கு 700. ஒவ்வொரு கரைப்புக்கும் காம்போ எண் ஒன்று ஏறும், அந்த எண்ணை 20-ஆல் பெருக்கியது கூடுதல் புள்ளி. வரிசை கரையாமல் மூன்று கட்டைகள் போனால் எண் ஒன்று இறங்கும். ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு விழாது, ஒரு படி மட்டும் இறங்கும். உச்சவரம்பு முதலில் ஐந்து.

ஐந்து என்று வைத்ததில் ஒரு கோளாறு. ஒற்றை வரிசைகளாகவே கரைத்துக்கொண்டு போனால் காம்போ எண் ஐந்திலேயே நின்றுவிடும், வரிசைக்கு 200 கிடைக்கும். நான்கு வரிசை அடிக்குப் பத்துக் கட்டைகள் தேவை. அதில் ஒன்பது கட்டைகள் எதையும் கரைக்காமல் போவதால் எண் மூன்று படி இறங்கும், அடி விழும்போது ஒரு படிதான் ஏறும். ஆகவே சில அடிகளிலேயே எண் பூஜ்யத்துக்கு வந்து, ஒவ்வொரு அடிக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு மட்டுமே ஏறும். 700-உடன் 20 சேர்ந்து 720, வரிசைக்கு 180. பொறுமையாகக் கிணறு வெட்டுபவர் நஷ்டப்படுகிறார். சோதித்த இன்னொருவர் இரண்டு நாளில் இதைக் கண்டுபிடித்து, ஒற்றை வரிசைகளையே இயந்திரம் போலக் கரைத்துக்கொண்டிருந்தார். பதற்றம் போய்விட்டது, கூடவே சுவையும் போய்விட்டது.

உச்சவரம்பை நான்காகக் குறைத்தோம். ஒற்றை வரிசைக்காரருக்கு இப்போது 180, நான்கு வரிசைக்காரருக்கும் 180. இரண்டிரண்டாகக் கரைப்பவருக்கு 165, மூன்று மூன்றாகக் கரைப்பவருக்கு ஏறத்தாழ 157. எந்தப் பாணியில் ஆடினாலும் வித்தியாசம் 15 சதவீதத்துக்குள். என்இஎஸ் டெட்ரிஸின் ஏழரை மடங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் பார்த்த அந்த ‘எல்’ கட்டை இப்போது வந்தால், மனநிலைப்படி முடிவெடுக்கலாம். காத்திருக்கப் பிடித்தால் காத்திருக்கலாம், அலுப்பாக இருந்தால் கரைத்துவிட்டுப் போகலாம். ஸ்கோர் யாரையும் தண்டிக்காது.

எல்லாமே சமமென்றால் ஸ்கோர் எதற்கு என்ற கேள்வி வரும். சரியான கேள்வி. அதற்கு நான் கண்ட நல்ல விடை சுய்கா கேமில் இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் பழங்களைப் போட்டு, ஒரே பழம் இரண்டு தொட்டால் அடுத்த பெரிய பழமாக மாறும் விளையாட்டு அது. 2021-இன் இறுதியில் நின்டெண்டோ ஸ்விட்சில் வந்து, 2023-இல் ஜப்பானைத் தாண்டியும் பற்றிக்கொண்டது. செர்ரி இரண்டு சேர்ந்தால் 1 புள்ளி, அடுத்ததற்கு 3, பிறகு 6, 10, 15 என்று ஏறி, தர்பூசணி உருவாகும்போது 55. பழங்கள் மோதி ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் சங்கிலிக்குத் தனிப் பரிசு எதுவும் இல்லை.

புள்ளிகள் ஏறுவது போலத் தோன்றினாலும், ஒவ்வொரு படிக்கும் இரண்டு மடங்கு பழம் செலவாகிறது. ஒரு செர்ரியின் பங்காகக் கணக்கிட்டால் முதல் படியில் அரைப் புள்ளி, இரண்டாம், மூன்றாம் படிகளில் முக்கால், அதற்குப் பிறகு தேய்ந்துகொண்டே போகிறது. தர்பூசணிவரை போனால் மொத்தம் ஏறத்தாழ 3.9. ஆறாவது படியிலேயே அதில் 3.4 வந்துவிடுகிறது. அதாவது, பெரிய பழம் செய்ததற்கான பரிசு சொற்பம், எவ்வளவு பழம் பெட்டிக்குள் போட்டோம் என்பதே ஸ்கோர். நீண்ட நேரம் நிரம்பாமல் பார்த்துக்கொண்டவருக்கு அதிகம் கிடைக்கும். ஸ்கோர் அங்கே அந்த ஆட்டத்தின் நாட்குறிப்பு. தர்பூசணி உருவாவதைப் பார்ப்பதன் மகிழ்ச்சியோ அந்தப் பழத்திலேயே, அதன் பருமனிலேயே இருக்கிறது. எண்ணால் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை.

நண்பரிடம் இதைச் சொன்னபின், நான்கு வரிசைக் கரைப்புக்கான மணியோசையை நீளமாக்கினார். ஒற்றை வரிசைக்கு ஒரு விளக்கு நகர்கிறது, நான்குக்குக் குளம் முழுதும் அலை பரவுகிறது. புள்ளியில் சமம், அனுபவத்தில் சமமல்ல. கிணறு வெட்டுபவர்கள் அந்த அலைக்காகத்தான் வெட்டுகிறார்கள்.

காத்திருப்பு இதமாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு முடிவும் தெரிந்திருக்க வேண்டும். என்இஎஸ் டெட்ரிஸில் நீளக் கட்டை எப்போது வரும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. முப்பது கட்டைகள்கூட வராமல் போகலாம். போட்டி வர்ணனையாளர்கள் அதை வறட்சி என்றே அழைக்கிறார்கள். பிற்கால விதித்தொகுப்பில் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, பை காலியானதும் மறுபடி நிரப்புவார்கள். இதனால் இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே அதிகபட்சம் பன்னிரண்டு கட்டைகள்தான் வர முடியும். காம்போ கணக்கை எவ்வளவு பதமாக அமைத்தாலும், பையில்லாத குலுக்கலில் அது கெட்டுப்போகும்.

எளிதாக்கிக்கொண்டே போனால் போதும் என்றும் ஆகிவிடக் கூடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் உளவியலாளர் கேட் ஸ்வீனி குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சங்கடமான முடிவுக்காகக் காத்திருந்த மாணவர்களுக்கு மூன்று வகை டெட்ரிஸ் கொடுத்தார்கள். ஒன்று மிக எளிது, ஒன்று மிகக் கடினம், மூன்றாவது ஆடுபவரின் திறமைக்கு ஏற்ப மாறிக்கொள்வது. காத்திருப்பின் வேதனையைக் குறைத்தது மூன்றாவது. கவனம் முழுதும் ஈடுபடும் அளவுக்கு வேலை இருக்க வேண்டும். அந்த வேலையைப் பலகை தர வேண்டும், ஸ்கோர் மிரட்டித் தரக் கூடாது.

எங்களுக்குள் தீராத ஒரு விவாதம், காம்போ எண்ணைத் திரையில் காட்டுவதா வேண்டாமா என்பது. எண்ணைக் காட்டினால் மறுபடி கண் அங்கேயே போகும் என்பது என் கட்சி. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் ஆடுவதும் ஒரு சங்கடம்தானே என்பது நண்பரின் கட்சி. இப்போதைக்கு எண்ணை எடுத்துவிட்டு, குளத்தில் நான்கு விளக்குகளை வைத்திருக்கிறோம். காம்போ ஏறினால் ஒவ்வொன்றாக ஏற்றப்படும். மூன்று கட்டைகள் சும்மா போனால் ஒரு விளக்கு மட்டும் மெல்ல மங்கும், மற்ற மூன்றும் எரிந்துகொண்டிருக்கும்.